19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகளின் கடிதங்களைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

1844 ஜனவரியில் சார்லஸ் டார்வின், தாவரவியலாளர் ஜோசப் ஹுக்கருக்கு எழுதிய ஒரு வரி ரொம்பப் பிரபலம். உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டேன், இதைச் சொல்வது ஒரு கொலையை ஒப்புக்கொள்வது மாதிரி இருக்கிறது என்கிறார். டார்வினைப் பற்றிய கட்டுரைகளில் பாதியிலாவது இந்த வரி வந்துவிடும். கடிதத்தை முழுசாகப் படித்தவர்கள்தான் குறைவு.

முழுசாகப் படித்தால் முதலில் கண்ணில் படுவது கொலை அல்ல. மேலே தேதி இல்லை, 'வியாழக்கிழமை' என்று மட்டும் இருக்கிறது. உயிர் நண்பர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஹுக்கரை 'மை டியர் சர்' என்று அழைக்கிறார். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கி ஓரிரு மாதம்தான் ஆகியிருந்தது. கடிதத்தில் நிறைய இடம் தீவுகளின் தாவரங்களைப் பற்றிய கேள்விகளுக்குப் போகிறது. கொலை பிற்பகுதியில்தான் வருகிறது. அதிகம் பழகாத ஒருவரிடம், செடிகொடிகளைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்து, சட்டென்று மனதில் இருப்பதைப் போட்டு உடைக்கிறார். தனியாக வெட்டி எடுத்த மேற்கோளில் இந்தத் தயக்கம் தெரியாது.

இந்தக் கடிதங்கள் பெரும்பாலும் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை எங்கே தேடுவது, எதைப் பார்ப்பது, எதில் ஏமாறாமல் இருப்பது என்று, தட்டுத்தடுமாறி நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஆளைப் பிடிக்காதீர்கள், கேள்வியைப் பிடியுங்கள்

'டார்வின் கடிதங்களைப் படிக்கப் போகிறேன்' என்று முதல் கடிதத்திலிருந்து தொடங்கினால் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவீர்கள். டார்வின் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 15,000க்கு மேல் இருக்கின்றன. மின்சார ஆராய்ச்சியாளர் ஃபாரடேவின் கடிதத் தொகுப்பு மட்டும் ஆறு தடித்த புத்தகங்கள். அதற்குப் பதிலாக ஒரு சின்னக் கேள்வியோடு உள்ளே போங்கள். 'அயனி என்ற சொல் எப்படி வந்தது?', 'இயற்கையியலாளர் வாலஸின் கட்டுரை டார்வினிடம் வந்து சேர்ந்த வாரத்தில் என்ன நடந்தது?' என்கிற அளவில் இருந்தால் போதும். பத்துப் பதினைந்து கடிதத்தில் முடிந்துவிடும் கேள்வியாகப் பாருங்கள். ஒன்றை முழுதாக முடித்த பிறகு அடுத்தது தானாக வரும்.

படி 2: எங்கே தேடுவது

டார்வினுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தின் டார்வின் கடிதத் திட்டம் இருக்கிறது. 1974இல் தொடங்கி, 1985இல் முதல் தொகுதியையும் 2023இல் முப்பதாவது, அதாவது கடைசித் தொகுதியையும் வெளியிட்டு முடித்தார்கள். ஏறக்குறைய 2,000 பேரோடு அவர் எழுதிக்கொண்டவை அதில் அடக்கம். இணையதளத்தில் அச்செழுத்து வடிவமும் அடிக்குறிப்புகளும் இலவசம். ஒவ்வொரு கடிதத்துக்கும் மாறாத எண் ஒன்று உண்டு. கொலைக் கடிதத்தின் எண் 729. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் திரும்பத் தேட வேண்டியதில்லை.

டார்வின் வேண்டாம், மற்றவர்கள் வேண்டும் என்றால் 'எப்சிலன்' தளத்துக்குப் போங்கள். இதுவும் கேம்பிரிட்ஜை மையமாகக் கொண்டதுதான். ஃபாரடே, இயற்பியலாளர் டிண்டால், வானியலாளர் ஜான் ஹெர்ஷெல் என்று பலருடைய கடிதங்களை ஒரே இடத்தில் தேடலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. சில கடிதங்களுக்கு முழு வாசகம் இருக்கும், சிலவற்றுக்கு இரண்டு வரிச் சுருக்கம்தான் இருக்கும். அந்தச் சுருக்கம் பிற்காலத்தில் பட்டியல் தயாரித்தவருடைய வாக்கியம். அதை எடுத்து ஹெர்ஷெல் சொன்னதாகப் போட்டுவிடாதீர்கள்.

தாவரவியல் என்றால் லண்டன் அருகிலுள்ள கியூ தோட்டத்தின் இயக்குநர்களுக்கு வந்த கடிதங்களைப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ராபர்ட் வைட், ஜோசப்பின் தந்தை வில்லியம் ஹுக்கருக்கு எழுதியவையும் அங்கே இருக்கின்றன. நம் ஊர்ச் செடிகளுக்கு லத்தீன் பெயர் வந்த கதை அந்தக் கடிதங்கள் வழியாகத்தான் போகிறது.

படி 3: கடிதத்தின் தலையைப் படியுங்கள்

நம் வீட்டுக் கடிதங்களில் 'நலம், நலமறிய ஆவல்' முடிந்து 'நிற்க' வந்த பிறகுதான் விஷயம் தொடங்கும். அதனால் மேலே இருப்பதைத் தாண்டிப் போவது நமக்குப் பழக்கம். இந்தக் கடிதங்களில் அப்படித் தாண்டக் கூடாது. மேலேதான் பாதித் தகவல் இருக்கிறது.

முதலில் தேதி. டார்வின் பல கடிதங்களில் கிழமையை மட்டுமோ நாளை மட்டுமோ எழுதிவிட்டுப் போய்விடுவார். மாதமும் வருடமும் சதுர அடைப்புக்குள் இருந்தால், அதைப் பதிப்பாசிரியர்கள் ஊகித்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எப்படி ஊகிக்கிறார்கள்? காகிதத்தின் நீர்க்குறி, தபால் முத்திரை, துக்க காலத்தில் பயன்படுத்தும் கறுப்புக் கரையிட்ட தாள், கடிதத்துக்குள் பேசப்படும் சம்பவம் எல்லாம் உதவும். முகவரியும் உதவும். 1860களில் டார்வின் 'டவுன், பிராம்லி, கென்ட்' என்று எழுதினார் (டவுன் என்பது அவர் கிராமத்தின் பெயர்). 1870களில் அதே வீட்டிலிருந்து 'பெக்கன்ஹாம்' என்று எழுதினார். வீடு மாறவில்லை, தபால் வரும் ஊர்தான் மாறியது.

அடுத்து விளிப்பு. முன்பின் தெரியாதவர் 'சர்'. கொஞ்சம் தெரிந்தவர் 'டியர் சர்'. அதற்கும் மேலே 'மை டியர் சர்'. நண்பர் ஆகிவிட்டால் 'மை டியர் ஹுக்கர்'. நமக்கு விசித்திரமாகப் படும், ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலேய ஆண்களிடையே குடும்பப் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவதுதான் நெருக்கம். முதல் பெயரெல்லாம் வீட்டுக்குள்தான். ஆக, ஒரு தொடரில் 'சர்' எந்தக் கடிதத்தில் விழுந்து போகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். உறவு மாறிய நாள் கிட்டத்தட்ட அதுதான்.

கையெழுத்து யாருடையது என்பதையும் பாருங்கள். பதிப்புக் குறிப்பில் 'ஏஎல்எஸ்' என்றிருந்தால் அவரே எழுதிக் கையொப்பமிட்டது. 'எல்எஸ்' என்றால் வேறொருவர் எழுத, இவர் கையொப்பம் மட்டும் போட்டது. டார்வினின் கடிதம் மனைவி எம்மாவின் கையெழுத்தில் இருந்தால், அன்று அவருக்கு உடம்பு சரியில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: தபால் செலவை மறக்காதீர்கள்

1840க்கு முன்னால் பிரிட்டனில் கடிதம் பெறுபவர்தான் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டும். தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டணம். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால் கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதினார்கள். இடம் போதாவிட்டால் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதியதன் மேலேயே குறுக்காக எழுதினார்கள். மூலப் படத்தைத் திறந்தால் கம்பிவலை மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், கண் பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஆனால் தொடக்கத்தில் அச்செழுத்து வடிவத்தைப் படித்துவிட்டு, பிறகு மூலத்தைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

1840 ஜனவரி 10 முதல், அரை அவுன்ஸ் வரை, நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் ஒரு பென்னி என்று ஆனது. அரை அவுன்ஸ் என்றால் சுமார் 14 கிராம். எல்லோராலும் நிறைய எழுத முடிந்தது. முன்பின் தெரியாதவரிடம் ஒரு சந்தேகம் கேட்பதற்காகக்கூட எழுதலாம், அவர் தலையில் செலவு விழாது. டார்வின் தோட்டக்காரர்களிடமும் புறா வளர்ப்பவர்களிடமும் நூற்றுக்கணக்கில் கேள்விகள் அனுப்பித் தகவல் சேர்த்தது இந்த ஏற்பாட்டின் மேல்தான். அவர் வீட்டை விட்டு அதிகம் நகராமலே வேலை நடந்தது.

1870 அக்டோபரில் அரைப் பென்னி தபால் அட்டை வந்தது. இயற்பியலாளர்கள் ஜேம்ஸ் கிளர்க் மேக்ஸ்வெல்லும் பீட்டர் டெய்ட்டும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வில்லியம் தாம்சன், அதாவது பிற்காலக் கெல்வின் பிரபு, அட்டைகளில் 'டி'. டெய்ட் 'டி டேஷ்'. மேக்ஸ்வெல் தன் பெயரை 'டிபி/டிடி' என்று எழுதுவார். காரணம், வெப்ப இயக்கவியல் சமன்பாடு ஒன்றில் அதற்குச் சமமாக வருவது ஜே, சி, எம் என்ற மூன்று எழுத்துகள். அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் அவையே. தபால்காரர் படித்தாலும் தலையும் புரியாது, வாலும் புரியாது. இந்த அட்டைகளை இயற்பியல் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள், இல்லாவிட்டால் பாதி கிண்டல் வீணாகிவிடும்.

படி 5: பதிலையும் படியுங்கள் (இதுதான் முக்கியமான வேலை)

ஒற்றைக் கடிதம், தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்பது போல. 1858 ஜூன் மாதத்தை எடுத்துக்கொண்டு செய்தே பார்த்துவிடலாம். ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, யார் யாருக்கு, சொன்னது என்ன, அப்போது அவருக்குத் தெரியாதது என்ன. நான்காவது பத்தியை விட்டுவிடாதீர்கள்.

ஜூன் 18. டார்வின் புவியியலாளர் சார்லஸ் லயலுக்கு எழுதுகிறார். கடிதத்தில் '18' மட்டும்தான் இருக்கிறது, மாதமும் வருடமும் ஊகம். ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து கட்டுரை ஒன்றை அனுப்பியிருக்கிறார். அதில் இருப்பது, டார்வின் இருபது வருடமாக மனதில் வைத்திருந்த அதே கருத்து: உயிரினங்கள் இயற்கைத் தேர்வால் மாறுகின்றன என்பது. முந்திக்கொள்வார்கள் என்று நீங்கள் சொன்னது பலித்துவிட்டது என்கிறார். வாலஸ் தன் கட்டுரையை வெளியிடச் சொல்லவில்லை என்பதையும் எழுதுகிறார். இந்த வரியை அடிக்கோடிடுங்கள்.

ஜூன் 25, வெள்ளிக்கிழமை. மறுபடியும் லயலுக்கு. முந்தின ஆண்டு அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேவுக்கு என் கருத்தைச் சுருக்கி எழுதியிருக்கிறேன், எனவே நான் திருடவில்லை என்று காட்ட முடியும். ஆனாலும் இப்போது வெளியிட்டால் அது அற்பத்தனம் ஆகாதா, அதற்கு என் புத்தகம் முழுவதையும் எரித்துவிடுவேனே என்கிறார். முடிவில், இது அற்ப உணர்வுகளால் எழுதிய அற்பக் கடிதம் என்று தானே சொல்லிக்கொள்கிறார். அடுத்த நாளே இன்னொரு குறிப்பு, தனக்கு எதிரான வாதத்தைப் பலப்படுத்துவதற்காக! ஆசையும் மனசாட்சியும் மாறி மாறிப் பேசுவதை இந்த இரண்டு நாள் கடிதங்களில் அப்படியே கேட்கலாம்.

வீட்டில் அப்போது காய்ச்சல். ஜூன் 28 அன்று ஒன்றரை வயதுக் கைக்குழந்தை சார்லஸ் வேரிங் செங்காய்ச்சலில் இறந்துபோனது. மறுநாள் செவ்வாய்க்கிழமை ஹுக்கருக்கு ஒன்றல்ல, இரண்டு கடிதங்கள். இரண்டாவதில், ஹுக்கர் கேட்ட காகிதங்களை அனுப்பிவிட்டு, எல்லாம் காலம் கடந்துவிட்டது, எனக்கு அக்கறையும் இல்லை என்கிறார். இந்தத் துக்கத்தை மறந்துவிட்டு, 'முதலில் சொன்னவர் என்ற பெயருக்காக டார்வின் திட்டம் போட்டார்' என்று எழுதுபவர்கள் 29ஆம் தேதிக் கடிதங்களைப் படித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, அதனால் எல்லாம் நியாயமாக நடந்ததா? அடுத்த தாளைப் பாருங்கள். ஜூன் 30 அன்று லயலும் ஹுக்கரும் லண்டனில் இயற்கை ஆராய்ச்சியாளர்கள் கூடும் லின்னேயன் சங்கத்தின் செயலாளருக்கு ஒரு முகப்புக் கடிதம் எழுதினார்கள். ஜூலை 1 கூட்டத்தில் கட்டுரைகள் அதோடு சேர்த்து வாசிக்கப்பட்டன. இரு ஆசிரியர்களும் தங்கள் தாள்களைத் தயக்கமின்றி எங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்பது அதன் சாரம். இப்போது அடிக்கோடிட்ட வரிக்குத் திரும்புங்கள். வாலஸ் வெளியிடச் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்தால்தான் இந்த ஓட்டை தெரிகிறது. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் கண்ணியமான கடிதங்கள்.

தொடர் இங்கே முடியவில்லை. 1858 அக்டோபர் 6 அன்று டெர்னாட்டே தீவிலிருந்து வாலஸ் ஹுக்கருக்கு நன்றி தெரிவித்து எழுதுகிறார். பெரிய மனிதருக்கு எழுதும்போது மரியாதைக்காகச் சொல்லியிருப்பார் என்று சந்தேகப்படலாம். அதனால்தான் பக்கத்துக் கடிதத்தையும் தேட வேண்டும். அதே நாளில் தன் அம்மாவுக்கும் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் மிகச் சிறந்த இயற்கையியலாளர்கள் இருவரிடமிருந்து கடிதம் வந்தது, ரொம்ப சந்தோஷம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார். அம்மாவிடம் எதற்கு வேஷம் போடப் போகிறார்?

படி 6: கூட வந்தது என்ன?

கடிதத்தோடு விதை வரும், காய்ந்த பூ வரும், கற்கள் வரும். உறைக்குள் இருந்தது தொலைந்து, கடிதம் மட்டும் மிஞ்சியிருக்கும்போது பேச்சு புரியாமல் போகும். அடிக்குறிப்பைப் பாருங்கள், பெரும்பாலும் விடை இருக்கும்.

சென்னையோடு தொடர்புள்ள ஒன்று. சர் வால்டர் எலியட் சென்னை மாகாணத்தில் அரசு அதிகாரி. 1856 ஜனவரியில் டார்வின் அவருக்கு எழுதி, வளர்ப்புப் பறவைகளின் தோல்களைக் கேட்கிறார். இங்கிருந்து புறாத் தோல்கள் கப்பலேறிக் கென்ட் கிராமத்துக்குப் போயின. 1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே, புறாக்கள் பகுதியில், எலியட்டுக்கு நன்றி இருக்கிறது. எலியட்டுக்கு அந்தப் புறாக்களைப் பிடித்துக் கொடுத்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது இதையும் ஒரு பத்தியாக நோட்டில் போட்டுக்கொள்ளலாம்.

படி 7: வேறு யார் படித்தார்கள்?

இந்தக் காலத்துக் கடிதம் முழுக்கத் தனிப்பட்டது அல்ல. கை மாறும், சங்கத்தில் வாசிக்கப்படும், சொல்லாமல் அச்சேறும். பீகிள் கப்பலிலிருந்து டார்வின் தன் ஆசிரியர் ஹென்ஸ்லோவுக்கு எழுதியவற்றிலிருந்து சில பகுதிகளை, 1835இல் ஹென்ஸ்லோ அச்சிட்டு விநியோகித்தார். டார்வின் அப்போது கடலில் இருந்தார், அவருக்கு விஷயமே தெரியாது. 1836இல் ஹெர்ஷெல், நன்னம்பிக்கை முனையிலிருந்து லயலுக்கு எழுதிய கடிதத்தில் புதிய உயிரினங்கள் தோன்றுவதை 'மர்மங்களின் மர்மம்' என்றார். கணிதவியலாளர் பாபேஜ் அதைத் தன் நூலில் சேர்த்து 1837இல் வெளியிட்டார். டார்வின் அந்தச் சொற்றொடரைத் தன் நூலின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டார். அதனால், இவர் யாருக்கு எழுதினார் என்பதோடு யார் காதில் விழ வேண்டும் என்று எழுதினார் என்றும் கேளுங்கள்.

பின்குறிப்பையும் விடாதீர்கள். கல்லூரிக் கணக்கில் படித்த ஸ்டோக்ஸ் தேற்றம், 1850 ஜூலை 2 அன்று தாம்சன், கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில்தான் இருக்கிறது. கண்டுபிடித்து எழுதியவர் தாம்சன். ஸ்டோக்ஸ் அதை 1854இல் கேம்பிரிட்ஜ் பரிசுத் தேர்வில் கேள்வியாகப் போட்டார், பெயர் அவருக்குப் போய்விட்டது. அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஒருவர் மேக்ஸ்வெல்.

படி 8: தொலைந்ததைக் கணக்கில் எடுங்கள்

பழைய வீடுகளில் வந்த கடிதங்களைக் கொக்கிக் கம்பியில் குத்தி வைப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? டார்வினும் அப்படித்தான் செய்தார். கம்பிகள் நிறைந்துவிட்டால், சில வருடக் கடிதங்களை மொத்தமாக எரித்துவிட்டுக் கம்பியைத் திரும்பப் பயன்படுத்துவாராம். இதைச் சொன்னவர் அவர் மகன் ஃபிரான்சிஸ். 1862 வாக்கில்தான் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கத் தொடங்கினார். அதற்கு முன் அவருக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. வாலஸ் கட்டுரையோடு அனுப்பிய கடிதம் இன்று இல்லை. அந்த ஜூன் வாரத்தில் லயலும் ஹுக்கரும் டார்வினுக்கு எழுதியவையும் நமக்குக் கிடைக்கவில்லை. நோட்டில் அந்த இடங்களைக் காலியாக விட்டுக் கோடு போடுங்கள். ஊகத்தால் நிரப்பாதீர்கள், சதிக்கதைகள் எல்லாம் அந்தக் காலி இடங்களில்தான் முளைக்கின்றன.

மனைவியும் மகனும் பேரனும் தொகுத்து வெளியிட்ட பழைய 'வாழ்வும் கடிதங்களும்' வகைப் புத்தகங்களில் இன்னொரு வகை இழப்பு. மதம், நோய், பிறரைப் பற்றிய கடுஞ்சொல் ஆகியவற்றை ஓசைப்படாமல் வெட்டியிருப்பார்கள். மேற்கோள் காட்ட வேண்டுமானால் புதிய பதிப்பில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

படி 9: முதல் பயிற்சி

டார்வினைவிடச் சுலபமான ஒன்றோடு தொடங்க விரும்பினால் 1834 ஏப்ரல், மே மாதங்களின் ஃபாரடே–ஹ்யூவெல் கடிதங்களை எடுங்கள். நாலைந்துதான், ஒரு மாலையில் முடித்துவிடலாம். மின்னாற்பகுப்புக்குப் புதிய சொற்கள் வேண்டும் என்று லண்டனிலிருந்து ஃபாரடே ஏப்ரல் 24 அன்று கேட்கிறார். கேம்பிரிட்ஜிலிருந்து அறிஞர் வில்லியம் ஹ்யூவெல் மறுநாளே ஆனோடு, கேத்தோடு என்று பதில் எழுதுகிறார். அடுத்த கடிதத்தில் அயான். நம் பள்ளிப் புத்தகத்து நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி எல்லாவற்றுக்கும் பாட்டன் இந்தச் சொற்கள்தான்.

படிக்கும்போது மே 15 கடிதத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். உங்கள் சொற்களையே எடுத்துக்கொண்டேன் என்கிறார் ஃபாரடே. இங்கே சிலர் காட்டமாக எதிர்த்தார்கள், கழுதையோடு போன அப்பன் மகன் கதையில் எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்தவன் நிலைமை ஆகிவிட்டது எனக்கு, உங்கள் பெயரைக் கேடயமாகத் தூக்கிக் காட்டியதும் எதிர்ப்பு கரைந்துவிட்டது என்று சிரிக்கிறார். சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருபவர், கடைசியில் இருக்கும் 'அயான்' பற்றி மட்டும் ஒரு வார்த்தை சேர்க்கிறார்: இது எனக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.